கடலுக்குப் பூட்டுப் போட்ட மாதத்தில் குடித்தனம் நடத்துவது எப்படி?

சித்திரை ஒன்றாம் தேதி பஞ்சாங்கம் படிக்கும்போது ஒவ்வொரு ராசிக்கும் ஆதாயம் இவ்வளவு, விரயம் இவ்வளவு என்று எண்ணாகவே சொல்வார்கள். உங்கள் ராசிக்கு ஆதாயம் இரண்டு, விரயம் பதினான்கு என்று வந்தால் முகம் வாட வேண்டாம். விசைப்படகில் போகிறவர் வீட்டுக்கு ராசி ஒரு பொருட்டே இல்லை. மேஷமோ மீனமோ, அன்று நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததும் ஆதாயம் பூஜ்யம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். 2001இல் தொடங்கியபோது 45 நாள்; 2017இல் அதை 61 ஆக்கினார்கள். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று ஏற்படுத்தியது. நல்ல காரியம். மீன் குடும்பம் தழைக்க வேண்டும் என்பதில் மீனவக் குடும்பத்துக்கு ஆட்சேபணை கிடையாது.

ஊரில் மற்றவர்களுக்குத் தடைக்காலம் என்பது வஞ்சிரம் விலை ஏறிவிட்டது என்கிற செய்தி. நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையிலோ கீச்சாங்குப்பத்திலோ அது இரண்டு மாதச் சம்பளம். அந்த இரண்டு மாதத்தை ஓட்டுவதற்கான வழிமுறைகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாமே நடைமுறையில் இருப்பவை. வீடுகளில் வருஷா வருஷம் சோதித்துப் பார்க்கப்படுபவை. எதுவும் வேலை செய்யும் என்று உத்தரவாதம் தரவில்லை.

முதலில் சேமிப்பு

ஐ.டி. கம்பெனிக்காரருக்கு வேலை போவது திடீரென்று ஒரு மின்னஞ்சலில் தெரிய வரும். உங்களுக்கு அப்படி இல்லை. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வருமானம் நிற்கும் என்பது போன வருஷமே தெரியும். பிறகு ஏன் சேர்த்து வைக்கக்கூடாது? வெளியூரிலிருந்து வருகிற எல்லோரும் கேட்கிற கேள்வி இது. கணக்கும் அவர்களே போட்டுக் காட்டுவார்கள். வீட்டுச் செலவு நாளுக்கு 400 ரூபாய் என்றால் 61 நாளைக்கு 24,400. மீதி இருக்கிற 304 நாளில் தினம் 80 ரூபாய் சொச்சம் எடுத்து வைத்தால் போதும்.

சரியான கணக்கு. பிழை கண்டுபிடிக்கவே முடியாது. கடல் மட்டும்தான் இந்தக் கணக்கைப் படிக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் படகு கட்டிக் கிடக்கும். கூண்டு இறக்கினாலும் காற்று இறங்காது. போன படகு டீசலுக்கும் ஐஸுக்கும்கூடக் கட்டாமல் திரும்பினால் பங்கு என்று பிரிக்க ஒன்றும் இருக்காது. எஞ்சின் கோளாறு என்றால் லேத்துப் பட்டறையில் படகின் பாகங்களோடு உங்கள் 80 ரூபாயும் ஒரு மாதம் கிடக்கும். இது சாதாரண வருஷத்துக் கதை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்ததுபோல ஒரு வருஷம் வந்தால், படகே இருக்குமா என்பதுதான் முதல் கேள்வி.

இன்னொன்று. தேதி உங்களுக்கு மட்டுமா தெரியும்? கடன் கொடுப்பவருக்கும் தெரியும். மீன் எடுக்கிற யாவாரிக்கும் தெரியும், அடகுக்கடைக்காரருக்கும் தெரியும். கல்யாண மண்டபத்துக்காரருக்கு உங்களைவிட நன்றாகவே தெரியும். உங்கள் கையில் காசு இருக்காது என்பதை முன்கூட்டியே அறிந்து, அதற்கேற்பத் தொழிலைத் திட்டமிட்டு வைத்திருக்கிறவர்கள் அவர்கள்தான். சேமிப்புத் திட்டத்தை அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

நிவாரணத்தைப் பங்கிடுதல்

அரசாங்கம் தடைக்கால நிவாரணம் தருகிறது. குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக உயர்த்தப்போவதாக 2023 ஆகஸ்டில் மண்டபம் என்ற ஊரில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். வகுத்துப் பாருங்கள்: நாளுக்கு 131 ரூபாய் 15 காசு. ஐந்து பேர் உள்ள வீட்டில் தலைக்கு 26 ரூபாய். அந்தப் 15 காசை உண்டியலில் போடுங்கள். 61 நாளில் ஒன்பது ரூபாய் சேரும். இதைத்தான் சிறுசேமிப்பு என்பது.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தப் பணம் வேண்டாம் என்று சொல்ல எந்த வீட்டிலும் ஆள் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பெயர் இருக்கிறதா, பாஸ்புக் உயிரோடு இருக்கிறதா, ஆதார் அதோடு சேர்ந்திருக்கிறதா என்று மார்ச்சிலேயே பார்த்துவிடுங்கள். முக்கியமான விஷயம், நிவாரணம் ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. அப்பனும் இரண்டு மகன்களும் ஒரே ரேஷன் கார்டில் இருந்தால், மூன்று பேரும் கரையில் உட்கார்ந்திருந்தாலும் வருவது ஒரே எட்டாயிரம். அதனால் கல்யாணமான மகனுக்குத் தனிக் கார்டு வாங்குவதுதான் கடற்கரையில் சிறந்த முதலீடு. மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே சட்டியில் சாப்பிட்டு, ஒற்றுமையாக இருக்கலாம். ஆனால் காகிதத்தில் இரண்டு அடுப்பு எரிய வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு தனியாகப் போனவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம்: பொய் சொல்ல வேண்டியதில்லை.

சேமிப்பு நிவாரணத் திட்டம் என்று இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 போட்டு 4,500 ஆகத் திருப்பித் தருவார்கள். எந்த வங்கியும் இந்த வட்டி தராது. ஆகவே அந்த 1,500ஐ வட்டிக்கு வாங்கியாவது கட்டிவிடுகிறார்கள். பொருளாதாரம் படித்தவர்கள் சிரிப்பார்கள். போட்டுப் பார்த்தால் லாபம்தான்.

ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. மகளிர் உரிமைத் தொகை வருகிற வீடு என்றால் மாதம் ஆயிரம், அதுவும் பதினைந்தாம் தேதியை ஒட்டித்தான் வரும். கடல் அடைக்கிற தேதியும் பதினைந்துதானே. இப்படிப் பொருத்தம் அமைவதும் ஒரு கொடுப்பினை.

முதலாளியிடம் அட்வான்ஸ்

படகு முதலாளியிடம் போய் அட்வான்ஸ் கேட்பது ஒரு கலை. தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பே கேட்டால் இப்பவேவா என்பார். தொடங்கிய பிறகு கேட்டால், அவருக்கே படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, கலப்பத்து அடித்து, பெயின்ட் பூசி, எஞ்சினைப் பிரித்துக் கோர்க்கிற செலவு தலைக்கு மேல் இருக்கும். அவரும் யாவாரியிடம் கைநீட்டித்தான் அதைச் செய்கிறார். யாவாரி ஏற்றுமதிக் கம்பெனியிடம் வாங்கியிருப்பார். பணம் மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. இறால் கீழிருந்து மேலே ஏறிப் போகிறது. விலை மட்டும் மேலேயே இருந்து சொல்லப்படும்.

சரியான நேரம் என்னவென்றால், ஏப்ரல் முதல் வாரத்தில் இன்னொரு படகு முதலாளி உங்கள் வீட்டுக்காரரை விசாரித்ததாக ஒரு பேச்சை டீக்கடையில் விட வேண்டும். கைதேர்ந்த ஆள் கடல் திறந்த அன்று இல்லாமல் போய்விடுவானோ என்கிற பயத்தில் பத்தாயிரமாவது வரும். பேச்சை நீங்கள் விட வேண்டாம். உங்கள் கொழுந்தன் விடட்டும்.

நகை

இதற்கு வழிகாட்டியே தேவையில்லை. எந்தத் தோடு எந்த மாதம் எங்கே போகும் என்பது அந்தத் தோட்டுக்கே தெரியும். ஆனாலும் சில நுணுக்கங்கள். கல்லு வைத்த தோட்டை எடுத்துப் போகாதீர்கள். கல்லுக்கு எடை கழிப்பார், அரக்குக்கு எடை கழிப்பார், அழுக்குக்கும் மனசுக்குள் கொஞ்சம் கழித்துக்கொள்வார். உரைகல்லில் தேய்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்கள், அந்த மூச்சுக்கு மட்டும் கிராமுக்கு நூறு ரூபாய் குறையும். கல் இல்லாத வளையல், சங்கிலி உத்தமம். நகை மதிப்பில் நூற்றுக்கு 75 வரைதான் கடன் என்று இருந்ததை, இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு 85 ஆக்கி ரிசர்வ் வங்கி 2025இல் விதி போட்டது. நூற்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கலாம். மீட்கும்போதும் அந்தப் பத்து கூடுதலாக இருக்கும். அதைப் பற்றி வரிசையில் நிற்கும்போது யாரும் பேசுவதில்லை.

கூட்டுறவு வங்கியில் வைப்பதா, தனியார் கடையில் வைப்பதா என்பது ஒரு பழைய விவாதம். 2021இல் ஐந்து பவுன் வரை கூட்டுறவு நகைக்கடனைத் தள்ளுபடி செய்தார்களே, அதிலிருந்து கூட்டுறவு வங்கியில் வைக்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு தேர்தல் ஆசை. அந்த வருஷம் தனியார் கடையில் வைத்திருந்தவர்களின் வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. வட்டி, நேரம், மரியாதை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுங்கள். மரியாதை தனியாரில் அதிகம். அதற்கும் சேர்த்துத்தான் வட்டி.

தாலிக்கொடி கடைசி. அதை வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கோர்த்துப் போட்டுக்கொள்ளும்போது, வெயிலுக்குக் கொடி கழுத்தில் அறுக்கிறது என்று காரணம் சொல்லுங்கள். தெருவில் பாதிப் பேருக்கு அந்தச் சமயத்தில் கழுத்து அறுக்கும்.

குழுக்கடன்

தவணை நாளில் நுண்கடன் குழுவில் வசூலிக்கிற பையன் எட்டு மணிக்கு வந்துவிடுவான். தவணைக்குத் தடைக்காலம் கிடையாது. குழுத் தலைவி வீட்டுத் திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கைபேசியைத் தொடையில் வைத்துக்கொண்டு, பத்துப் பேரும் வரும்வரை எழுந்திருக்க மாட்டான். கெட்டவன் இல்லை. உங்கள் தம்பி வயசுதான் இருக்கும்.

"தம்பி, தொழில் இல்லன்னு உனக்கே தெரியும். ஜூன் கடைசில சேத்துக் கட்டிடுறோம்."

"எனக்குத் தெரியுதுக்கா. ஆனா சிஸ்டத்துக்குத் தெரியாதே."

நுண்கடன் வாங்குகிற குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதி. சட்டம் தெரிந்த மகள் வீட்டில் இருந்தால் அவளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்: மே மாதம் வருமானம் பூஜ்யம், பூஜ்யத்தில் பாதி பூஜ்யம், ஆகவே தவணையும் பூஜ்யம்தானே? அவன் யோசிப்பான். வருஷ வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்ததுதான் மாத வருமானம் என்பான். பன்னிரண்டு மாதமும் கடல் திறந்திருக்கிற ஊர் ஒன்று அவனுடைய கைபேசிக்குள் இருக்கிறது. அங்கே குடியேற முடிந்தால் பிரச்சினை தீர்ந்தது.

ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் போட்டுக் கட்ட வேண்டும். இதனால்தான் குழுவில் சேரும்போது, வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர், நாட்டுப்படகில் போகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், கொத்தனார் என்று கலந்து கட்ட வேண்டும். தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்காரருக்கு இந்த மாதங்களில் மீனுக்கு நல்ல விலை. பத்துப் பேரும் விசைப்படகு வீடு என்றால் அது குழு அல்ல, கூட்டு ஒப்பாரி.

இந்தக் குழுத் தவணையைக் கட்ட இன்னொரு குழுவில் எடுப்பது, அந்தத் தவணைக்குத் தண்டல் வாங்குவது என்று ஒரு வழி இருக்கிறது. தண்டல்காரர் பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுப்பார். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். தடைக்காலமோ 61 நாள். தடை முடிந்த பிறகும் 39 நாளைக்குத் தடைக்காலத்தின் நினைவு காலையில் பைக்கில் வந்து ஹாரன் அடிக்கும்.

மொய்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அரிசி இலவசம், எண்ணெய் 25 ரூபாய் என்று இழுத்துப் பிடித்த குடித்தனம் எங்கே கவிழும் என்றால் கல்யாணப் பந்தலில்தான்.

வருஷத்தில் மற்ற நாளெல்லாம் ஆண்கள் கடலில். சித்திரை, வைகாசியில்தான் எல்லோரும் கரையில் இருக்கிறார்கள். ஆகவே கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம் எல்லாம் தடைக்காலத்தில். கையில் காசு இல்லாத இரண்டு மாதத்தைத் தேர்ந்தெடுத்து ஊரே விசேஷம் வைக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். பத்திரிகை ஜன்னல் கம்பியில் சொருகிச் சொருகி, வெளிச்சம் வருவது நின்றுவிடும்.

பத்திரிகை வந்ததும் மொய் நோட்டை எடுக்க வேண்டும்.

"அத்தாச்சி, மேலத்தெரு மாமா வீட்டுக்கு நம்ம நோட்டுல என்ன இருக்கு?"

"அவங்க செஞ்சது ஆயிரத்து ஒண்ணு. கஜா புயல் வருஷம்."

"புயல் வருஷத்துலயா செஞ்சாங்க?"

"அதான் பாரேன். அப்பவே ஆயிரம்னா இப்ப ரெண்டாவது வைக்கணும்."

பேரிடர்க் காலத்தில் செய்த மொய்க்கு மதிப்பு இரட்டிப்பு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் இரண்டாயிரத்து ஒன்று வைக்காமல் பந்தியில் உட்கார முடியாது. மொய் எழுதுகிறவர் மைக்கில் வாசிப்பார். அந்த மைக் இருக்கிறதே, ஊரில் எந்தக் கந்துவட்டிக்காரருக்கும் அப்படி ஒரு வசூல் கருவி கிடையாது. கந்துவட்டிக்குத் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது. மைக்கை யாரும் தொட முடியாது.

தப்பிக்கச் சில உபாயங்கள் உண்டு. முகூர்த்தத்துக்குப் போகாமல் வரவேற்புக்குப் போய், கூட்டத்தில் கவரைக் கொடுத்துவிடலாம்; கவருக்குள் என்ன என்பது மறுநாள்தான் தெரியும். கணவன் மனைவி இரண்டு பேரும் வேறு வேறு கல்யாணத்துக்குப் பிரிந்து போனால் போக்குவரத்துச் செலவு மிச்சமாகாது, ஆனால் இரண்டு வீட்டிலும் ஒரு தலை கணக்காகும். நகை வங்கியில் இருப்பதால் சிதம்பரம் கவரிங் போட்டுக்கொள்ளலாம். யாரும் உற்றுப்பார்க்க மாட்டார்கள். அவர்கள் கழுத்தில் இருப்பதும் அதே கடையில் வாங்கியதாக இருக்கும்.

இவை எல்லாம் தற்காப்பு. கெட்டிக்காரர்கள் வேறு மாதிரி செய்கிறார்கள்: தாங்களே விசேஷம் வைத்துவிடுகிறார்கள். வீட்டில் காது குத்தாத குழந்தை ஒன்று இருந்தால் அது தடைக்காலத்துக்கென்று எடுத்து வைத்த வைப்புநிதி. பந்தல், பாத்திரம், பிரியாணி எல்லாம் கடனுக்குப் பிடித்து, மாலையில் மொய்ப் பணத்தை எண்ணி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகும் ஒரு தொகை கையில் நிற்கும். வட்டி இல்லை, அடமானம் இல்லை, கையெழுத்து இல்லை. திருப்பிச் செலுத்துவது மட்டும் உங்கள் பேரன் காலம்வரை நீளும். குழந்தைக்கு இரண்டு காது இருப்பதால் இரண்டு வருஷமாகப் பிரித்துச் செய்ய முடியுமா என்று ஒரு வீட்டில் பேச்சு நடந்ததாகக் கேள்வி. ஊர்ப் பஞ்சாயத்தார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று விட்டுவிட்டார்களாம்.

பஞ்சாயத்து என்றதும் ஞாபகம் வருகிறது. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரியும் இந்த மாதங்களில்தான் கேட்டு வரும். அதைக் கொடுத்துவிடுங்கள். அதில் யோசனை சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

வீட்டிலிருக்கிற ஆண்

கடலில் இருக்கும்வரை அவருக்குச் சாப்பாடு படகுச் செலவு. கரையில் இருந்தால் உங்கள் செலவு. காலையில் ஒரு டீ, பத்து மணிக்கு ஒரு டீ, சாயந்திரம் டீயோடு நிற்குமா என்பது அந்தந்த வீட்டு அதிர்ஷ்டம். வலை பின்ன, பொத்து தைக்க முதலாளி கூப்பிட்டால் உடனே அனுப்பிவிடுங்கள். கூலி கொஞ்சம்தான், ஆனால் டீ முதலாளி கணக்கு.

இன்னும் நல்ல வழி, அவரை வேறு கடலுக்கு அனுப்பிவிடுவது. மேற்குக் கடற்கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும். ஏப்ரல் பாதியிலிருந்து மே முடிய கொச்சியிலோ மங்களூரிலோ படகு ஏறினால் ஆறு வாரம் ஓட்டிவிடலாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த வசதி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது: சின்னமுட்டம் ஏப்ரலில் அடைக்கும், குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் ஜூனில் அடைக்கும். மீனுக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு பிரசவத் தேதி. ரயிலில் இடம் கிடைக்காது என்பது ஒன்றுதான் சிரமம். உங்களுக்குத் தோன்றிய யோசனை தெருவுக்கே தோன்றியிருக்கும்.

பிள்ளைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் ஜூன் முதல் வாரத்தில் திறக்கும், கடல் ஜூன் பதினான்கு நள்ளிரவில் திறக்கும். இடையில் இருக்கிற அந்தச் சில நாளில்தான் தனியார் பள்ளிக்கு முதல் தவணை கட்ட வேண்டும். இப்படிக் கச்சிதமாகத் தேதி வைத்தவர் யாராக இருந்தாலும் அவரிடம் முகூர்த்தம் குறிக்கக் கொடுக்கலாம்.

சாப்பாட்டில் மீன் வேண்டாம். கட்டுப்படியாகாது. ஐஸில் வைத்து வெளியிலிருந்து வந்த மீனை, மீன்காரி வீட்டிலேயே விலை கேட்டுவிட்டுக் கீழே வைத்துவிடுகிறார்கள். பங்குனியில் காயப்போட்ட கருவாடு இருந்தால் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைக்கலாம். ஆனால் கருவாட்டுக்கும் இப்போது நல்ல விலை. விற்பதா தின்பதா என்று சட்டியை அடுப்பில் வைப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கடல் திறந்த பிறகு

2020இல் ஊரடங்கு காரணமாகத் தடையை 47 நாளாகக் குறைத்து மே 31உடன் முடித்தார்கள். அந்த ஒரு வருஷம் தவிர, நாள் குறைந்ததாகச் சரித்திரம் இல்லை. எனவே ஜூன் பதினான்கு வரை பொறுக்க வேண்டியதுதான். அன்று நள்ளிரவு எஞ்சின் சத்தம் கேட்கும். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து அவசரப்பட்டு எதையும் வாங்கிவிட வேண்டாம்.

எல்லாப் படகும் ஒரே நாளில் போகும், ஏறக்குறைய ஒரே சமயத்தில் திரும்பும். வலை நிறைய இறால். இரண்டு மாதமாக இறாலே இல்லை என்று ஏங்கிக்கொண்டிருந்த கம்பெனிகள், இவ்வளவு வந்தால் எப்படி எடுப்பது என்று கிலோவுக்கு இத்தனை ரூபாய் இறக்கிவிடும். யாவாரி கையைப் பிசைவார். மேலே சொல்லிவிட்டார்கள் என்பார். வந்த காசில் டீசல் கழிவு, ஐஸ் கழிவு, ராசன் கழிவு, மராமத்துக் கழிவு, பிறகு பங்கு பிரித்து, அந்தப் பங்கில் உங்கள் அட்வான்ஸ் கழிவு. துண்டுத்தாளில் கடைசி வரியில் ஒரு எண் நிற்கும். அதை இரண்டு முறை கூட்டிப் பார்க்கலாம்; மூன்றாவது முறை பார்த்தால் வயிறு எரியும்.

அந்த எண்ணை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதில்தான் திறமை. முதலில் குழுக்கடன், ஏனென்றால் உங்களுக்காகக் கட்டிய ஒன்பது பேரும் அதே குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறார்கள். அப்புறம் மளிகைக் கடை, பாதி மட்டும். முழுதாகக் கொடுத்தால் அடுத்த மாதம் அண்ணாச்சி முகம் மாறிப் பழைய பாக்கி இல்லையே என்று புதுக் கணக்குப் பேசுவார். அப்புறம் தாலிக்கொடி. தோடும் வளையலும் ஐப்பசி மழையில் திரும்ப அங்கேயே போகப்போகிறவை. வட்டி மட்டும் கட்டிவிட்டு அங்கேயே விடுங்கள், பத்திரமாக இருக்கும்.

முதலாளி அட்வான்ஸை மட்டும் ஒருபோதும் முழுதாகக் கழித்துவிடாதீர்கள். பத்தாயிரத்தில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு கழிந்ததும், மகளுக்கு ஸ்கூல் பீஸ், மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்று ஏதாவது சொல்லி ஐந்நூறை நிறுத்தி வையுங்கள். கணக்கு முடிந்துபோன ஆளை எந்த முதலாளியும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாக்கி இருக்கிற வீட்டுக்குத்தான் சித்திரையில் ஆள் அனுப்பி, "என்ன, இந்தத் தடவ எவ்வளவு வேணும்?" என்று கேட்பார்.